உயிரைக் குடித்த 54-ம் நம்பர் கோளாறு!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்று ஒரு ஊர். 1986-ம் ஆண்டு மார்ச் மாதம் 21-ந்தேதி, அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் கதிர்வீச்சு சிகிச்சைக்காக வந்தார். முதுகில் இருந்த கட்டியை முன்பே ஆபரேஷன் செய்து எடுத்து விட்டார்கள். மிச்சம் மீதி இருந்தால் அதையும் பொசுக்கி விடத்தான் இந்தக் கதிர்வீச்சு.

எட்டு தடவை வந்து போய்விட்டார். அன்று ஒன்பதாவது தடவை. ஊசி கிடையாது, வலி கிடையாது. மேஜை மீது குப்புறப் படுத்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அன்று அப்படி நடக்கவில்லை. முதுகில் யாரோ கொதிக்கும் காபியைக் கொட்டியது போல இருந்தது. மின்சாரம் பாய்ந்தது போலவும் இருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்துகொண்ட அவர், மேஜையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் இரண்டாவது அடி! இந்தத் தடவை கையில். அவர் தட்டுத் தடுமாறிப் போய்க் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

வெளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருந்த பெண் ஊழியர் திடுக்கிட்டார். அவருக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. நோயாளியைப் பார்ப்பதற்கான டெலிவிஷன் அன்று இணைக்கப்படாமல் இருந்தது. பேச்சைக் கேட்கும் கருவியும் வேலை செய்யவில்லை. அவர் கண் முன்னால் இருந்தது ஒரே ஒரு வரி. "கோளாறு 54". அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கழித்து அந்த நோயாளி இறந்து போனார். அவரைக் கொன்றது புற்றுநோய் அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருந்த தப்பு. அந்தத் தப்பை விற்பனைக்கு முன்பே கண்டுபிடித்து இருக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எந்திரம் எப்படிப்பட்டது?

அந்த எந்திரத்தின் பெயர் தெராக்-25. கனடா நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம் அதைச் செய்து விற்றது. அமெரிக்காவில் 5, கனடாவில் 6, ஆக 11 எந்திரங்கள்தான் ஆஸ்பத்திரிகளில் இருந்தன.

ஒரே எந்திரம் இரண்டு வேலை செய்யும். தோலுக்கு அருகில் உள்ள கட்டி என்றால் எலக்ட்ரான் கதிர். உடம்புக்குள் ஆழத்தில் இருந்தால் எக்ஸ்ரே கதிர். எக்ஸ்ரே வேண்டும் என்றால் எலக்ட்ரான் கற்றையைச் சுமார் 100 மடங்கு கூட்டி, ஓர் உலோகத் தகட்டின் மீது மோத விட வேண்டும். தகடு அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு எக்ஸ்ரேயாக மாற்றிக் கொடுக்கும். தகடு அதன் இடத்தில் இல்லாமல் 100 மடங்கு கற்றை பாய்ந்தால்? நேராக மனிதன் மீது பாயும்.

இதே நிறுவனத்தின் பழைய எந்திரமான தெராக்-20ல் இதற்குத் தனியாகத் தடுப்பு வைத்து இருந்தார்கள். தகடு சரியான இடத்தில் இல்லை என்றால், கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் கதிர் கிளம்பாது. பியூஸ் போய்விடும். புதிய தெராக்-25ல் இந்தத் தடுப்புகளைப் பெரும்பாலும் எடுத்து விட்டார்கள். "அதைத்தான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதே, பிறகு எதற்கு இரட்டைச் செலவு?" என்பது அவர்கள் கணக்கு.

கம்ப்யூட்டருக்கான ஆணைத்தொடர் முழுவதையும் எழுதியது ஒரே ஒரு ஆள். பல வருடங்களாக எழுதினார். பழைய எந்திரங்களுக்கு எழுதியதில் சில பகுதிகளை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர் 1986-ம் ஆண்டு வேலையை விட்டுப் போய்விட்டார்.

விரல் வேகம்

டைலர் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் ஊழியர் கற்றுக்குட்டி அல்ல. அந்த எந்திரம் வந்து இரண்டு வருடத்தில் அங்கே 500 பேருக்கு மேல் சிகிச்சை நடந்து இருந்தது. தினமும் அதே பாரத்தை, அதே வரிசையில் டைப் அடித்து அடித்து அவர் கை தானாக ஓடும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த நம் ஊர் ஆபீஸ் பெண்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே கடிதத்தை அடித்து முடிப்பது இல்லையா? அந்த மாதிரி.

அன்றும் அவர் விவரங்களை மளமளவென்று அடித்தார். எலக்ட்ரானுக்கு "ஈ" அடிக்க வேண்டிய இடத்தில், பழக்க தோஷத்தில் எக்ஸ்ரேயின் "எக்ஸ்" எழுத்தை அடித்து விட்டார். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேதான். கடைசி வரிக்கு வந்த பிறகு தப்பைக் கவனித்தார். மேல்நோக்கி அம்புக்குறி போட்ட விசையை அழுத்தி அந்த வரிக்குப் போனார். "எக்ஸ்" போய் "ஈ" வந்தது. மற்ற வரிகளை மாற்றத் தேவை இல்லை. திரையில் எல்லாம் "சரி பார்க்கப்பட்டது" என்று வந்தது. சிகிச்சையைத் தொடங்கும் விசையை அழுத்தினார்.

உடனே எந்திரம் நின்றது. "கோளாறு 54" என்று திரையில் வந்தது. கொடுக்க வேண்டிய அளவு 202. கொடுத்தது 6 என்று காட்டியது.

அது என்ன 54? எந்திரத்துடன் வந்த புத்தகத்தில் அதற்கு விளக்கமே கிடையாது. 1 முதல் 64 வரை நம்பர்கள் மட்டும் உண்டு. இந்த மாதிரிக் கோளாறுகள் அந்த எந்திரங்களில் சர்வசாதாரணம். ஒரு நாளில் 40 தடவை கூட வரும். அப்போது எல்லாம் "பி" என்ற விசையைத் தட்டினால் விட்ட இடத்தில் இருந்து எந்திரம் ஓடும். ஊழியர்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். 202 கொடுக்க வேண்டிய இடத்தில் 6 என்று காட்டினால், மருந்து குறைவாகப் போய் இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்தார். "பி" விசையைத் தட்டினார். அதுதான் அந்த மனிதர் கையில் விழுந்த இரண்டாவது அடி.

டாக்டர் எழுதிக் கொடுத்தது 180 ராட். அவர் உடம்பில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கும் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். அதுவும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில்.

"நடக்கவே நடக்காது!"

கம்பெனி என்ஜினீயர்கள் வந்தார்கள். எந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். கோளாறு 54 வரவே இல்லை. இந்த எந்திரம் அளவுக்கு மேல் கதிர் கொடுக்கவே முடியாது என்று சொன்னார்கள். வேறு எங்கும் இப்படி நடந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள்.

ஆனால் நடந்து இருந்தது. 1985-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் மரியட்டா என்ற ஊரில் ஒரு பெண்ணுக்கு நடந்தது. ஜூலை மாதம் கனடாவில் ஹாமில்டன் நகரில் இன்னொரு பெண்ணுக்கு நடந்தது. டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில் மூன்றாவதாக ஒருவருக்கு. ஹாமில்டன் சம்பவத்துக்குப் பிறகு கம்பெனி ஒரு சின்ன சுவிட்ச் மீது சந்தேகப்பட்டது. சோதனையில் தப்பை மறுபடி வரவழைக்க முடியவில்லை. ஆனாலும் சுவிட்சை மாற்றி அமைத்து விட்டு, பாதுகாப்பு இப்போது குறைந்தது ஒரு லட்சம் மடங்கு கூடி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது! எந்தத் தப்பு என்றே தெரியாமல், அது லட்சம் மடங்கு குறைந்தது என்று எப்படித்தான் கணக்குப் போட்டார்களோ!

டைலரில் வேறு ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு மின்கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். எதுவும் இல்லை. ஏப்ரல் 7-ந்தேதி எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

நாலே நாள். ஏப்ரல் 11-ந்தேதி. அதே ஊழியர். முகத்தில் தோல் புற்றுநோய் உள்ள இன்னொரு மனிதர். மறுபடி "எக்ஸ்" அடித்து, மறுபடி திருத்தி, மறுபடி கோளாறு 54. இந்தத் தடவை பேச்சுக் கருவி வேலை செய்தது. உள்ளே இருந்து பெரிய சத்தம், பிறகு முனகல். ஊழியர் ஓடினார். முகம் தீயாக எரிகிறது என்று அந்த மனிதர் சொன்னார். மே 1-ந்தேதி, இருபதே நாளில், அவர் பரிதாபமாக இறந்தார்.

இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்

அந்த ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சு பௌதிக நிபுணர் எந்திரத்தை அன்றே நிறுத்தினார். கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊழியரையும் கூட்டிக்கொண்டு காலி அறையில் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணுக்கு, தான் என்ன அடித்தோம், எந்த வரியைத் திருத்தினோம், எந்த வரிசையில் என்பது எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. அதுதான் பெரிய அதிர்ஷ்டம். அதேபோல அடித்துப் பார்த்தார்கள். வரவில்லை. மறுபடி அடித்தார்கள். வரவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் திரையில் வந்தது, "கோளாறு 54".

எப்போது வருகிறது, எப்போது வரவில்லை? வேகமாக அடித்துத் திருத்தினால் வருகிறது. நிதானமாக அடித்தால் வரவில்லை! நிபுணர் தாமும் வேகமாக அடித்துப் பழகிக்கொண்டார். பிறகு நினைத்த போது எல்லாம் அந்தக் கோளாறை வரவழைக்க முடிந்தது. கம்பெனிக்கு டெலிபோன் செய்தார். அங்கே இருந்த என்ஜினீயர் அடித்துப் பார்த்து விட்டு "இங்கே வரவில்லையே" என்றார். "வேகமாக அடியுங்கள்" என்றார் இவர். வந்தது. கம்பெனியே அளந்து பார்த்த போது 25,000 ராட் இருந்தது.

கம்பெனி என்ஜினீயர்களுக்கு ஏன் இத்தனை நாள் அது வரவில்லை என்பது இப்போது புரிகிறது. சோதிக்கிற ஆள் ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்து, நிதானமாக அடிப்பான். வேலை பார்த்துத் தேய்ந்த கை அப்படி அடிக்காது. எந்திரம் புதிதாக இருந்தபோது ஊழியர்களும் மெதுவாகத்தான் அடித்து இருப்பார்கள். அவர்கள் கை தேறத் தேற, உள்ளே தூங்கிக்கொண்டு இருந்த தப்பு விழித்துக்கொண்டது.

எட்டு விநாடி

உள்ளே நடந்தது இதுதான். எந்தக் கதிர், எவ்வளவு சக்தி என்று அடித்தவுடன் எந்திரத்தில் இருக்கும் காந்தங்கள் அதற்கு ஏற்றபடி தங்களைச் சரி செய்துகொள்ளும். அதற்குச் சுமார் 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடிக்குள் யாராவது திரையில் திருத்தம் செய்தால், கம்ப்யூட்டரின் ஒரு பகுதி அதைக் கவனிக்கும். இன்னொரு பகுதி கவனிக்காது.

ஓட்டலில் நடப்பதை நினைத்துக்கொள்ளலாம். சர்வர் சீட்டில் "ரவா தோசை" என்று எழுதி உள்ளே கொடுத்து விட்டார். சரக்கு மாஸ்டர் சீட்டைப் படித்து விட்டுத் திரும்பி மாவை ஊற்றிக்கொண்டு இருக்கிறார். அதற்குள் சர்வர் சீட்டை எடுத்து அடித்து "இட்லி" என்று திருத்தி விட்டார். பில் போடுகிறவர் திருத்திய சீட்டைப் பார்த்து இட்லிக்குப் பில் போட்டு விட்டார். சீட்டும் பில்லும் ஒத்துப் போகிறது. கணக்கு சரி. ஆனால் தட்டில் வருவது ரவா தோசை. ஓட்டலில் ஒரு சண்டையோடு போய்விடும். டைலரில் சுழல்மேடை எலக்ட்ரானுக்குத் திரும்பித் தகடு விலகி விட்டது. கற்றையோ எக்ஸ்ரேக்கு உரிய 100 மடங்கில் கிளம்பியது.

இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும்போது, எது முந்தும் எது பிந்தும் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் தப்பு இது. கம்ப்யூட்டர் துறையினர் இதைப் பந்தயத் தப்பு என்கிறார்கள். சோதனைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. நூறு தடவை ஓட்டினாலும் ஒழுங்காக ஓடும். நூற்றி ஒன்றாவது தடவை காலை வாரும்.

பழைய தெராக்-20லும் இதே தப்பு இருந்தது என்பது இன்னொரு வேடிக்கை. டைலர் செய்தியைக் கேள்விப்பட்ட பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பௌதிக நிபுணருக்குப் பொறி தட்டியது. அவர்களிடம் இருந்த தெராக்-20ல், ஒவ்வொரு முறையும் புதிய மாணவர்கள் வந்து சேரும்போது வாரத்தில் மூன்று தடவை பியூஸ் போகும். மாணவர்கள் பழகிய பிறகு மாதக் கணக்கில் ஒன்றும் ஆகாது. புது மாணவர்கள் கண்டபடி அடிப்பதும் திருத்துவதுமாக இருந்தார்கள். அதே தப்பு அங்கேயும் எட்டிப் பார்த்தது. ஆனால் பழைய எந்திரத்தில் தனித் தடுப்பு இருந்ததால் பியூஸ் மட்டும் போனது. உயிர் போகவில்லை. அது ஒரு தப்பின் அறிகுறி என்று அதுவரை யாருக்கும் தோன்றவும் இல்லை. பியூஸ் கட்டி விட்டு வேலையைப் பார்த்தார்கள்.

2,700 மணி நேரம்

அப்படியானால் கம்பெனி சோதனையே செய்யவில்லையா? இந்த எந்திரத்தை வைத்து இருப்பவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 2,700 மணி நேரம் சோதித்து இருக்கிறோம் என்று பதில் வந்தது. துருவிக் கேட்ட பிறகு, அது எந்திரத்தைப் பயன்படுத்திய நேரம் என்று தெரிய வந்தது. ஆணைத்தொடரைத் தனித்தனிப் பகுதியாகப் பிரித்துச் சோதித்தது மிகக் குறைவு. மொத்தமாகப் பூட்டிய பிறகு ஓட்டிப் பார்த்ததுதான் அதிகம்.

மணிக்கணக்கு ஒரு சோதனை அல்ல. பாங்கியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். வருடம் முழுவதும் லெட்ஜர் எழுதினேன் என்பது வேறு. ஒவ்வொரு பக்கமாகக் கூட்டி, வவுச்சருடன் ஒத்துப் பார்த்தேன் என்பது வேறு.

நல்ல சோதனை கீழே இருந்து தொடங்கும். முதலில் ஒவ்வொரு சின்னப் பகுதியையும் தனியாக எடுத்து, இதைக் கொடுத்தால் இது வர வேண்டும் என்று பார்ப்பார்கள். பிறகு இரண்டு பகுதிகளைப் பூட்டிப் பார்ப்பார்கள். தனியாக ஒழுங்காக இருந்தவை சேரும்போது சண்டை போடுவது உண்டு. அதன் பிறகுதான் முழு எந்திரம். சோதிக்கிறவரிலும் இரண்டு வகை. ஒருவர் உள்ளே எழுதி இருப்பதைப் படித்து, எந்தப் பாதை எங்கே போகிறது என்று பார்த்துச் சோதிப்பார். இன்னொருவர் மூடிய பெட்டியாக நினைத்து வெளியே இருந்து தட்டிப் பார்ப்பார். இரண்டும் வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் எழுத்தின் தப்பு தெரியாது. அச்சாபீசில் புரூப் பார்க்கத் தனி ஆள் வைப்பது இதற்குத்தான்.

எல்லையில் போய் நின்று பார்ப்பது ஒரு முக்கியமான முறை. 1 முதல் 100 வரை எண்களை வாங்கும் இடத்தில் 50-ஐப் போட்டுப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. 0, 1, 100, 101 போட வேண்டும். தப்புகள் வாசல்படியில்தான் உட்கார்ந்து இருக்கும்.

தெராக்-25 எந்திரத்திலேயே அதற்கு ஓர் உதாரணம் கிடைத்தது. 1987-ம் ஆண்டு ஜனவரி 17-ந்தேதி, யாக்கிமாவில் இரண்டாவது விபத்து. ஒருவர் அதில் இறந்தார். இது எட்டு விநாடித் தப்பு அல்ல, வேறு தப்பு. எந்திரத்தின் முகப்புப் பகுதி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஓர் அடையாள எண் வைத்து இருந்தார்கள். அது பூஜ்யம் என்றால் "பார்க்கத் தேவை இல்லை". வேறு எந்த எண் என்றாலும் "பார்த்தே ஆக வேண்டும்". எழுதியவர் அந்த எண்ணை ஒரே எண்ணாக வைக்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்படி எழுதி விட்டார். அந்த இடத்தில் 255 வரைதான் கொள்ளும். ஸ்கூட்டர் மீட்டர் எல்லா 9-ம் வந்த பிறகு மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்புகிறதே, அதுபோல 256-வது சுற்றில் எண் பூஜ்யம் ஆகிவிடும். அந்த ஒரே கணத்தில் ஊழியர் விசையை அழுத்தினால், சோதனை தாண்டிப் போய்விடும். கதிர் பாயும். யாக்கிமாவில் அந்தக் கணத்தில் விசை அழுத்தப்பட்டு விட்டது. அதற்குச் செய்த திருத்தம் மிகச் சிறியது. ஒன்று ஒன்றாகக் கூட்டுவதை விட்டு விட்டு, பூஜ்யம் அல்லாத ஓர் எண்ணை நிலையாக வைத்தார்கள்.

முக்கோணக் கணக்கு

அமெரிக்காவில் கிளென்போர்டு மையர்ஸ் என்ற நிபுணர் 1979-ம் ஆண்டு சோதனைக் கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் தொடக்கத்தில் ஒரு பரீட்சை வைத்து இருக்கிறார். மூன்று எண்களைக் கொடுத்தால், அவை முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் என்று எடுத்துக்கொண்டு, மூன்று பக்கமும் சமமா, இரண்டு பக்கம் சமமா, மூன்றும் வெவ்வேறா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். இதைச் சோதிக்க என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்?

பெரும்பாலோர் 3, 4, 5 என்பார்கள். 5, 5, 5 என்பார்கள். 5, 5, 8 என்பார்கள். முடிந்தது என்று எழுந்து விடுவார்கள். 1, 2, 3 கொடுத்தால்? அது முக்கோணமே ஆகாது, நேர்கோடாகப் படுத்துவிடும். 1, 2, 4 கொடுத்தால் இரண்டு பக்கங்கள் எட்டவே எட்டாது. பூஜ்யம் கொடுத்தால்? கழித்தல் எண் கொடுத்தால்? இரண்டே எண் கொடுத்து விட்டு நிறுத்தினால்? 5, 8, 5 என்று வரிசையை மாற்றினால்? மையர்ஸ் 14 கேள்விகள் வைத்து மார்க் போட்டார். அனுபவசாலிகளான புரோகிராமர்களே சராசரியாக 7.8 மார்க்தான் வாங்கினார்கள்!

இத்தனையும் பார்த்த பிறகும் தப்பே இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. ஹாலந்து நாட்டு விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969-ம் ஆண்டே இதைச் சொல்லி விட்டார். சோதனையால் தப்பு இருப்பதைக் காட்டலாம், இல்லை என்பதைக் காட்ட முடியாது என்பது அவர் வாதம்.

கம்ப்யூட்டரே சோதிக்கிறது

ஒரு தப்பைத் திருத்தும்போது வேறு ஒன்று கெடுவது சகஜம். ஒழுகுகிற ஓட்டை மாற்ற ஏறியவன் பக்கத்து ஓட்டை மிதித்து உடைப்பது போல. ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும், நேற்று ஒழுங்காக இருந்தவை எல்லாம் இன்றும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முதலில் இருந்து பார்க்க வேண்டும். மனிதன் செய்தால் சலித்துப் போகும். அதைக் கம்ப்யூட்டரிடமே விட்டு விடும் கருவிகள் வந்து விட்டன.

1997-ம் ஆண்டு கென்ட் பெக், எரிக் காமா என்ற இரண்டு நிபுணர்கள் சூரிச் நகரில் இருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போனார்கள். பொழுது போகாமல், பறந்துகொண்டே இருவரும் எழுதியதுதான் ஜேயூனிட் என்ற கருவி. சின்னச் சின்னப் பகுதிகளைத் தானாகச் சோதித்து, சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு என்று காட்டும். 2004-ம் ஆண்டு சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் செலினியம் என்ற கருவியைத் தொடங்கினார். இணையதளத்தில் மனிதன் போலவே பெயரை நிரப்பி, பட்டனை அழுத்தி, வந்தது சரியா என்று பார்க்கும். பெயருக்குப் பின்னால் ஒரு கிண்டல் உண்டு. அப்போது இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த கம்பெனியின் பெயர் மெர்க்குரி. அதாவது பாதரசம். பாதரச விஷத்துக்குச் செலினியம் முறிவு என்று வேடிக்கையாக வைத்த பெயர் அது! செலினியத்தை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரில் ஒயிட்பீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் டெஸ்டிங் வேலைக்கு முயற்சி செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதன் பெயரைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஆனால் கருவி, சொன்னதைத்தான் செய்யும். சொன்ன வேகத்தில்தான் தட்டும். டைலர் எந்திரத்தை ஒரு கருவி ஒரே நிதானத்தில் பத்தாயிரம் தடவை சோதித்து இருந்தாலும், பத்தாயிரம் தடவையும் பச்சை விளக்குதான் எரிந்து இருக்கும். "வேகமாகத் திருத்தினால் என்ன ஆகும்?" என்று ஒரு மனிதனுக்குத் தோன்ற வேண்டும்.

டெஸ்டிங் பிரிவு என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணம் கம்பெனிகளில் இன்னமும் இருக்கிறது. எழுதுகிறவனுக்கு மவுசு, சோதிக்கிறவன் குறை சொல்லி. இது சரியான எண்ணம் அல்ல. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் எவராலும் திருத்த முடியாது. எந்தத் திரை, எந்த வரிசையில் என்ன அடித்தோம், என்ன வர வேண்டும், என்ன வந்தது, எத்தனை தடவைக்கு எத்தனை தடவை வருகிறது, இத்தனையும் வேண்டும். டைலர் பெண் ஊழியர் நினைவில் வைத்து இருந்தது அதைத்தான். ஒரு பெரிய கம்பெனியின் என்ஜினீயர்கள் கண்டுபிடிக்க முடியாததை ஓர் ஆஸ்பத்திரி ஊழியரும் ஒரு நிபுணரும் கண்டுபிடித்தது அந்த நினைவின் பலத்தில்தான்.

கறுப்பு டேப்

தப்பு நிரூபணம் ஆன பிறகு கம்பெனி செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கடிதம். மேல்நோக்கிப் போகும் அம்புக்குறி விசையின் மூடியைப் பிடுங்கி விட்டு, அந்த இடத்தில் எலக்ட்ரிக் டேப் ஒட்டி விடவும் என்று! காரணத்தை விளக்கிச் சொல்லவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இதை ஏற்றுக்கொள்ளவில்லை. மே 2-ந்தேதி எந்திரம் குறைபாடு உள்ளது என்று அறிவித்தது.

திருத்தங்கள் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டு இருக்கும்போதே யாக்கிமாவின் இரண்டாவது விபத்தும் நடந்தது. 1987-ம் ஆண்டு பிப்ரவரியில், வழக்கமான சிகிச்சைக்கு இந்த எந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த இலாகா சொல்லி விட்டது. ஆறு பேர் அளவு மீறிய கதிருக்கு ஆளானார்கள். அவர்களில் மூன்று பேர் அதனாலேயே இறந்தார்கள். 1993-ம் ஆண்டு நான்சி லெவசன் என்ற பேராசிரியையும் கிளார்க் டர்னர் என்பவரும் கடிதங்கள், கோர்ட்டு ஆவணங்கள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து எழுதிய விரிவான கட்டுரையால்தான் இந்த விவரங்கள் உலகத்துக்குத் தெரிந்தன. அந்த ஆணைத்தொடரை எழுதிய ஒரே ஆள் என்ன படித்தவர், முன்பு எங்கே வேலை பார்த்தவர் என்று வழக்கில் கேட்டபோது, கம்பெனி அதிகாரிகளால் பதில் சொல்ல முடியவில்லை.

பின்னர் எந்திரங்களில் தனித் தடுப்புகளைப் பொருத்தினார்கள். ஒரே துடிப்பில் அளவு மீறினாலும், கம்ப்யூட்டரைக் கேட்காமல் கதிரை நிறுத்தும் கருவியும் வந்தது. சுழல்மேடை எங்கே நிற்கிறது என்பதைத் தனியாக அளந்து காட்டும் ஏற்பாடும் வந்தது. கதிர் அளவில் சந்தேகம் வந்து எந்திரம் நின்றால், "பி" விசையைத் தட்டித் தொடர முடியாது. எல்லா விவரங்களையும் முதலில் இருந்து அடிக்க வேண்டும். வெறும் நம்பர்கள் போய், என்ன கோளாறு என்று படித்துப் புரிந்துகொள்ளும்படியான வாசகங்கள் திரையில் வந்தன.